கூரை மேல் எவ்வளவு கனம்? பனி, மழைநீர், டேங்கி, கும்பாபிஷேகக் கூட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கூரைக் கணக்கு கேட்டு வருபவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம், பிள்ளைகள் கனடாவிலோ பிரிட்டனிலோ கொரியாவிலோ இருப்பவர்கள். "கூரை மேல் எவ்வளவு பனி பாருங்கப்பா" என்று வாட்ஸ்அப்பில் படம் வந்த இரவு இவர்களுக்குத் தூக்கம் கிடையாது. இன்னொரு ரகம் உள்ளூர்க்காரர்கள்: டேங்கி மாற்றுகிறவர்கள், ஓடு மாற்றுகிறவர்கள், கும்பாபிஷேகத்துக்குத் தேதி குறித்துவிட்ட கோயில் நிர்வாகத்தினர். இரண்டு பேருக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். அதனால் கேள்விகளைச் சேர்த்தே போட்டிருக்கிறேன்.

மகள் டொரொண்டோவில் இருக்கிறாள். கூரையில் ஒரு அடி பனி நிற்கிறது என்கிறாள். அது எவ்வளவு கனம் இருக்கும்?

உயரத்தை மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த மாதிரிப் பனி என்று தெரிய வேண்டும்.

நல்ல குளிரில் பஞ்சு மாதிரி விழுந்த புதுப் பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. அப்படியானால் ஒரு அடி, அதாவது 30 செ.மீ. உயரம் நின்றால் சதுர மீட்டருக்கு 15 முதல் 30 கிலோ. பெரிய விஷயமே இல்லை. அதே பனி பல நாள் படுத்துக் கிடந்து இறுகினால் கன மீட்டருக்கு 200, 300 கிலோ ஆகிவிடும். அப்போது அதே ஒரு அடிக்கு 60 முதல் 90 கிலோ. குளிர்காலம் முடியும் நேரத்தில் ஈரம் ஊறிய பனி 400, 500 வரை போகும். அந்த ஒரு அடி 120 முதல் 150 கிலோ. முழுக்க உறைந்த ஐஸ் என்றால் கன மீட்டருக்கு 917 கிலோ; ஒரு அடிக்கு 275 கிலோ.

ஆக, ஒரே உயரம், பாரமோ பதினைந்து கிலோவிலிருந்து இருநூற்று எழுபத்தைந்து வரை எங்கேயும் இருக்கலாம். இன்னொரு வேடிக்கை, பனி இறுகும்போது உயரம் குறையும். "நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறது" என்று மகள் நிம்மதியாகச் சொல்வாள். உருகி வடிந்து போகாதவரை கூரை சுமப்பது நேற்றுச் சுமந்த அதே கனத்தைத்தான்.

நடுவில் மழை பெய்ததா என்று கட்டாயம் கேளுங்கள். பனி மேல் மழை விழுந்தால் நீர் உடனே ஓடிவிடாது, பனிக்குள் ஊறி நின்றுவிடும். தட்டைக் கூரைக்கு மிக மோசமான நாள் அதுதான். உயரம் ஒரு அங்குலம்கூட ஏறியிருக்காது, பாரம் மட்டும் ஏறியிருக்கும்.

அப்படியானால் சரியாக எப்படி அளப்பது? தராசு எதுவும் அவளிடம் இல்லையே?

தராசு வேண்டாம். பக்கம் நேராக இருக்கும் ஒரு டின் போதும். பெரிய மைலோ டின் பிரமாதமாக வேலை செய்யும்; நம் பிள்ளைகள் எந்த நாட்டுக்குப் போனாலும் அது ஒன்று வீட்டில் இருக்கும்.

டின்னைக் கவிழ்த்து, வாய்ப்பக்கம் கீழே இருக்க, பனிக்குள் நேராக அழுத்த வேண்டும். அடியில் ஒரு தட்டையோ அட்டையையோ செருகி அப்படியே எடுக்க வேண்டும். பனி டின்னைவிட உயரமாக இருந்தால் அதே இடத்தில் அடுக்கடுக்காக, தரை தட்டும் வரை எடுத்து எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேர்த்துக்கொள்ளலாம். டின்னுக்குள் பனி அமுங்கினால் கவலையில்லை. அமுங்கினாலும் கனம் அதே கனம்தான். பக்கத்திலுள்ள பனி உள்ளே சரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிறகு வீட்டுக்குள் வைத்து உருக விட வேண்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் ஆவியாகிக் கணக்குக் கெடும். உருகிய நீரை அதே டின்னில் ஊற்றி, உயரத்தைப் பள்ளிக்கூட அடிக்கோலால் மில்லிமீட்டரில் அளந்தால் வேலை முடிந்தது. எத்தனை மில்லிமீட்டர் நீரோ, சதுர மீட்டருக்கு அத்தனை கிலோ. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் சரியாக ஒரு லிட்டர், ஒரு லிட்டர் ஒரு கிலோ. வேறு சூத்திரம் எதுவும் கிடையாது.

ஓர் உதாரணம். 45 செ.மீ. பனியை எடுத்து உருக்கினால் 90 மி.மீ. நீர் வந்தது என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு 90 கிலோ. வீட்டுக் கூரையைத் தரையில் விழும் நிழலாக அளந்தால் 120 சதுர மீட்டர் என்றால், மொத்தம் 10,800 கிலோ. பத்தே முக்கால் டன்னுக்கு மேல் தலைக்கு மேலே நிற்கிறது.

சமையலறைத் தராசு இருந்தால் இன்னொரு வழி: 30 செ.மீ.க்கு 30 செ.மீ. சதுரமாகப் பனியை முழு ஆழத்துக்கும் வெட்டி, பையில் போட்டு நிறுத்து, வந்த கிலோவை 11ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ அதே விடை வரும்.

இதற்காகக் கூரை மேல் ஏற வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் மரம், சுவர் மறைக்காத திறந்த இடத்தில், தரையிலோ வெளித்திண்ணையிலோ எடுத்தால் போதும்.

தரையில் இருக்கும் பனியும் கூரையில் இருக்கும் பனியும் ஒரே அளவா?

பெரும்பாலும் கூரையில் குறைவு. காற்று கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகும், கொஞ்சம் சறுக்கி விழும். கனடாவின் கட்டட விதித்தொகுப்பு, தரைப் பனியின் கனத்தில் பத்தில் எட்டுப் பங்கு கூரையில் இருக்கும் என்று வைத்துத்தான் கணக்கைத் தொடங்குகிறது. ஐரோப்பிய விதிகளிலும் சாய்வு 30 டிகிரி வரை அதே 0.8, அதற்கு மேல் குறைந்துகொண்டே போய் 60 டிகிரியில் பூஜ்யம். குளிர் நாட்டுப் பழைய வீடுகளின் கூரை ஏன் அப்படிச் செங்குத்தாக நிற்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

ஆனால் இது சராசரிக் கணக்கு. ஆபத்து சராசரியில் வருவதில்லை. மேல்மாடிக் கூரைக்குக் கீழே ஒட்டினாற்போல் தாழ்வான ஒரு கூரை இருந்தால், மேலே இருப்பதெல்லாம் காற்றில் அடித்துக்கொண்டு வந்து அந்த மூலையில் குவியும். கைப்பிடிச் சுவர் ஓரத்திலும், இரண்டு சாய்வு சந்திக்கும் பள்ளத்திலும், காற்றுக்கு மறைவான பக்கத்திலும் அப்படித்தான். கார் நிறுத்தக் கட்டிய தாழ்வாரங்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். மகளிடம் படம் கேட்கும்போது வீட்டின் முகப்பைக் கேட்காதீர்கள். தாழ்வான கூரை மேல்கூரையோடு சேரும் இடத்தைக் கேளுங்கள்.

சரி, 90 கிலோ என்று தெரிந்துவிட்டது. தாங்குமா தாங்காதா?

அது ஊரைப் பொறுத்தது. டொரொண்டோவில் விதிப்படி தரைப் பனி 0.9 கிலோபாஸ்கல். அதில் 0.8 பங்கு, அதோடு பனியில் ஊறும் மழைக்கு 0.4 சேர்த்தால் 1.1 சொச்சம். ஒரு கிலோபாஸ்கல் என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ என்பதால், இந்தக் கணக்கின்படி கூரை சுமார் 110 கிலோ பனிக்கு வடிவமைக்கப்படுகிறது. மான்ட்ரியலில் அதைப் போல இரு மடங்குக்கு மேல். பிரிட்டனில் ஆள் ஏறாத கூரைக்கு நீண்டகாலம் வழங்கிவந்த குறைந்தபட்சக் கணக்கு 60 கிலோ. அதனால்தான் மான்ட்ரியல்காரர் சிரித்துவிட்டுப் போகிற பனி லண்டனில் செய்தியாகிறது.

இதற்கு மேல் பாதுகாப்புக்கென்று ஒரு கூடுதல் வலிமையும் வைத்துத்தான் கட்டுகிறார்கள். அதனால் 90க்கே பதற வேண்டியதில்லை. ஆனால் இந்த எண்ணெல்லாம் விதிப்படி கட்டி, ஒழுகாமல், உளுக்காமல், இடையில் யாரும் ஒரு சட்டத்தை அறுத்து எடுக்காமல் இருக்கும் வீட்டுக்கு. பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டின் பின்பக்கம் யாரோ கைவேலையாகச் சேர்த்துக் கட்டிய அறைக்கு இதில் எந்த எண்ணும் பொருந்தாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி: நம் ஊரில் ஆள் நடமாட்டம் இல்லாத மெட்டல் டெக் (உலோகத் தகடு) கூரைக்குச் சதுர மீட்டருக்கு 25 கிலோ அளவில்தான் மேல்பாரம் கணக்கு வைப்பது வழக்கம். செந்தூலில் உள்ள ஒரு பட்டறைக் கூரையை அப்படியே பெயர்த்து டொரொண்டோவில் வைத்தால் ஒரு சாதாரணக் குளிர்காலத்தைத் தாண்டுமா என்பது சந்தேகம்தான்.

பனி அளவுக்கு மீறினால்தானே கூரை விழும்?

அப்படி இல்லை. ஜெர்மனியின் பாட் ரைஷன்ஹாலில் 2006 ஜனவரி 2 அன்று பனிச்சறுக்கு அரங்கின் கூரை விழுந்து 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அன்று மேலே இருந்த பனி, அந்தக் கூரை தாங்க வேண்டிய அளவுக்குள்தான் இருந்தது. மர விட்டங்களை ஒட்டிய பசை ஈரத்தில் வலுவிழந்திருந்தது. அதே மாதம் 28ஆம் தேதி போலந்தின் கட்டோவிட்சேயில் புறாக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த மண்டபம் இடிந்து 65 பேர் இறந்தார்கள். அங்கே பனியும் ஐஸும் வழிக்கப்படாமல் கிடந்தன, வடிவமைப்பிலும் குறை. 2014 பிப்ரவரி 17 அன்று தென்கொரியாவின் கியோங்ஜுவில் ஓர் உல்லாச விடுதி மண்டபம் விழுந்து 10 பேர் இறந்தார்கள், அநேகமாக எல்லாருமே கல்லூரி மாணவர்கள்.

பனி அங்கெல்லாம் பரீட்சை வைத்தது, அவ்வளவுதான். பலவீனம் முன்பே உள்ளே இருந்தது.

விழப்போகிறது என்பதற்கு ஏதாவது அறிகுறி தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். வீட்டுக்குள் இருக்கும் கதவுகள் திடீரென்று இறுகி, சாத்தவோ திறக்கவோ முடியாமல் போவது முக்கியமான ஒன்று. மேலே இருக்கும் சட்டம் தாழ்ந்து கதவு நிலையை அழுத்துகிறது என்று அர்த்தம். சீலிங் தொய்வது, சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் புது விரிசல், முறியும் சத்தம், பெரிய கூடங்களில் தீயணைப்புத் தெளிப்பான்கள் சீலிங் பலகையைவிடக் கீழே துருத்திக்கொண்டு நிற்பது, இவையெல்லாம் கவனிக்க வேண்டியவை. இரண்டு சேர்ந்து தெரிந்தால் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது.

தொய்வைப் பற்றி இன்னொரு விஷயம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் விளையாட்டரங்கின் பெரிய இரும்புக் கூரை 1978 ஜனவரி 18 அதிகாலையில், பனிக்குப் பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. சில மணி நேரம் முன்னால்தான் கூடைப்பந்துப் போட்டி முடிந்து ஆயிரக்கணக்கானோர் கிளம்பிப் போயிருந்தார்கள். கட்டும்போதே அந்தக் கூரை கணக்கிட்டதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தாழ்ந்து நின்றதை அளந்து பார்த்திருந்தார்கள். "அது அப்படித்தான் இருக்கும்" என்று தேறுதல் சொல்லப்பட்டது. தொய்வைப் பார்த்துவிட்டு அப்படித் தேறுதல் சொல்பவரிடம், எழுத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

மகன் ஏறி வழித்துவிடுகிறேன் என்கிறான்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். கூரையில் ஏற்கெனவே இருக்கும் பாரத்தோடு அவன் எழுபது கிலோவும் சேரும், போதாததற்கு வழுக்கும். அந்த ஊர்க் கடைகளில் நீளக் கம்பு வைத்த பனி வாரி கிடைக்கும். தரையில் நின்றுகொண்டே ஓரத்திலிருந்து இழுக்கலாம். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அதுவும் கூடாது. அடிவரை சுரண்டாமல் ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டுவிட்டால் கூரைத் தகடு பிழைக்கும்.

முக்கியமானது ஒன்று: ஒரு பக்கத்தை முழுக்க வழித்துவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாறி மாறி எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்வரை ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் டிரஸ் (கூரையைச் சுமக்கும் முக்கோணச் சட்டம்), ஒரு பக்கம் காலியானதும் கோணிக்கொள்ளும்.

இனி நம்ம ஊர். போன மழைக்கு எங்கள் கார் போர்ச் மேல் குளம் மாதிரி தண்ணீர் நின்றது. பரவாயில்லையா?

மேலே சொன்ன மைலோ டின் கணக்குத்தான் இங்கேயும், உருக்கும் வேலை மட்டும் கிடையாது. 150 மி.மீ. தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆள் நடமாடும் தட்டைக் கூரைக்கு வழக்கமாக வைக்கும் மேல்பாரமும் அதே 150 கிலோதான். கைப்பிடிச் சுவரோடு கூடிய ஆறு மீட்டருக்கு ஐந்தரை மீட்டர் போர்ச்சில் அவ்வளவு நின்றால் கிட்டத்தட்ட ஐந்து டன். கோலாலம்பூர் மாலை மழை ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. கொட்டுவது அபூர்வமில்லை. வடிகுழாய் வாயில் ஒரு நெகிழிப் பையும் நாலு இலையும் உட்கார்ந்தால் போதும்.

நல்ல கான்கிரீட் தளம் இதில் உடனே விழுந்துவிடாது. ஒழுகும், கம்பி துருப்பிடிக்கும், வருஷங்கள் கழித்துப் பெயரும். உண்மையில் பயப்பட வேண்டியது சாய்வு போதாத மெட்டல் டெக் கூரைக்கு. தண்ணீர் நின்றால் தகடும் அதன் கீழ்க் கம்பியும் கொஞ்சம் வளையும். வளைந்த பள்ளத்தில் இன்னும் தண்ணீர் சேரும். அது இன்னும் வளைக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் மழை நின்றாலும் அது நிற்காது, பக்கத்திலுள்ள நீரெல்லாம் அந்தப் பள்ளத்தை நோக்கி ஓடி வரும்.

செலவில்லாத வைத்தியம், கைப்பிடிச் சுவரில் தளத்துக்குச் சற்று மேலே இரண்டு துளை போட்டு ஒரு குழாய்த் துண்டைச் சொருகுவது. வடிகுழாய் அடைத்தாலும் அதன் வழியே தண்ணீர் வெளியே பீச்சும். பீச்சுவதைப் பார்த்தாலே வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குவார்கள், முகப்பு அழகு கெடுமாம்.

கல்யாணத்துக்கு வாசலில் போடும் கூடாரம்?

கித்தான் கூடாரத்தில் மழைத்தண்ணீர் தொந்தி போட்டுத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டர் அகலம், நடுவில் 20 செ.மீ. ஆழம் என்றால் அதில் எண்பது லிட்டருக்கு மேல் இருக்கும். எண்பது கிலோ, ஒரே இடத்தில், அதுவும் பந்தி நடக்கும் இடத்துக்கு நேர் மேலே. சின்னதாக இருக்கும்போதே துடைப்பக்கட்டையின் பிடியில் துணி சுற்றி மெல்லத் தூக்கி ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். பெரிதானபின் கீழே நின்று குத்தினால் கித்தான் கிழியும் அல்லது கால் சாயும். அந்த வரிசையை எழுப்பி உட்கார வைக்க வேறு இடம் பாருங்கள். சாப்பாடு ஐந்து நிமிஷம் தாமதித்தால் ஒன்றும் ஆகாது.

தண்ணீர்த் தடை அடிக்கடி வருகிறது. சீலிங் மேலே இருக்கும் 150 கேலன் டேங்கியை 400 கேலனாக மாற்றலாமா?

இந்தக் கேள்விதான் இப்போது அதிகம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்த் தடை பழகிப்போன விஷயம். பினாங்கில் 2024 ஜனவரியில் சுங்கை டுவா ஆலையின் குழாய்க் கதவுகளை மாற்றியபோது நாலு நாள் பட்டது யாருக்கும் மறந்திருக்காது. பெரிய டேங்கி வேண்டும் என்று தோன்றுவது நியாயமே.

கணக்கைப் பாருங்கள். நாம் புழங்கும் கேலன் 4.546 லிட்டர். 150 கேலன் என்றால் 680 கிலோ. 400 கேலன் 1,800 கிலோவைத் தாண்டும், ஏறத்தாழ இரண்டு மைவி காரை ஏற்றி வைத்த மாதிரி. அதுவும் பனி போலப் பரந்து நிற்காது. ஒன்றேகால் மீட்டர் வட்டத்துக்குள், இரவு பகலாக, வருஷக்கணக்கில் நிற்கும். மரச்சட்டம் தொடர்ந்து சுமக்கும் பாரத்துக்கு மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும்; அதனால் வைத்த அன்று தாங்கியது என்பது சாட்சியாகாது.

டேங்கி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே கான்கிரீட் விட்டமோ பாரம் தாங்கும் சுவரோ இருந்து, அதன் மேல் குறுக்குக் கட்டைகள் போட்டு டேங்கி இருந்தால் பேசலாம். கூரை டிரஸ் மேலேயே உட்கார வைத்திருந்தால் இப்போது இருப்பதே அதிகம். என் யோசனை, கூடுதல் தண்ணீரைத் தரையில் வையுங்கள். பின்கட்டில் ஒரு டேங்கியும் சின்ன மோட்டாரும் வைத்தால் மேலே இருப்பதைத் தொட வேண்டியதே இல்லை. கான்ட்ராக்டர் "ஒன்றும் ஆகாது அண்ணே" என்று சொல்வார்தான். அவர் படுப்பது அந்த டேங்கிக்குக் கீழே இல்லை.

சிங்க் தகட்டை எடுத்துவிட்டு ஓடு போடலாமா? சோலார்?

தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ. சிமெண்ட் ஓடு 45 கிலோ சுற்றுவட்டாரம். நூறு சதுர மீட்டர் கூரையில் அரை டன் இருந்த இடத்தில் நாலரை டன். டிரஸை மாற்றாமல் இதைச் செய்யக்கூடாது. ஓட்டுக்குப் பதில் தகடு போடுவது எளிது, ஆனால் அதற்கு வேறொரு சிக்கல் இருக்கிறது, அடுத்த கேள்வியில் வருகிறது. ஓடு மாற்றும்போது மொத்த ஓட்டையும் ஒரே மூலையில் அடுக்க விடாதீர்கள்.

சோலார் பலகை தாங்கிக் கம்பியோடு சேர்த்து 15 கிலோ அளவு. பழுதில்லாத கூரைக்கு அது பாரமே இல்லை.

கூரை லேசாக இருந்தால் நல்லதுதானே?

கீழ்நோக்கிய பாரத்துக்கு நல்லது. மலேசியாவில் கூரையைக் கெடுப்பது பெரும்பாலும் மேல்நோக்கிய பாரம். நமது காற்று விதியான எம்எஸ் 1553 தரும் அடிப்படை வேகங்களில் ஒன்று நொடிக்கு 33.5 மீட்டர், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். அந்த வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 70 கிலோ அளவு. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் அது உறிஞ்சும் விசையாக மேலே இழுக்கும். 5 கிலோ தகட்டை 70 கிலோ இழுத்தால் அதைப் பிடித்து வைத்திருப்பது கனம் அல்ல, திருகாணிகள்தான். துருப்பிடித்த திருகாணி, சுவரோடு கட்டாத டிரஸ், முன்னால் நீட்டிப் போட்ட ஆவ்னிங், புயல் மழையில் பறப்பவை இவைதான்.

ஆலங்கட்டி மழை?

கோலாலம்பூரில் எப்போதாவது விழும். பாரம் ஒன்றுமில்லை, கூரையோரத் தண்ணீர்ப் பீலியை அடைத்துக்கொண்டு தண்ணீரை வீட்டுக்குள் திருப்பிவிடும், அவ்வளவுதான்.

கும்பாபிஷேகத்தன்று மண்டபத்துக் கூரை மேல் எத்தனை பேரை ஏற்றலாம்?

நம் ஊரில் பனிப் பாரத்துக்கு ஈடு சொல்லத்தக்க ஒன்று உண்டென்றால் அது இந்த நாள்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரத்துக்கு, யாரும் கணக்குப் போடாத ஒரு பாரம் கூரை மேல் ஏறும்.

நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் சதுர மீட்டருக்கு நாலு பேர் சாதாரணம். ஆளுக்கு 65 கிலோ வைத்தால் 260 கிலோ. ஆள் நடமாட என்று கட்டிய தட்டைக் கூரைக்கே கணக்கு 150தான். கூட்டம் கூடும் தளங்களுக்கு வடிவமைப்பாளர்கள் 500 வரை வைப்பார்கள், ஆனால் மண்டபக் கூரையை யாரும் கூட்டம் கூடும் தளமாக வரைவதில்லை. பத்து மீட்டருக்கு எட்டு மீட்டர் மண்டபம் என்றால் 320 பேர் நிற்கும் இடம் இருக்கும், அவர்கள் கனம் இருபது டன்னுக்கு மேல். தாங்க வேண்டியது பன்னிரண்டு.

அதோடு தீர்த்தம் தெளிக்க மேலே ஏற்றி வைக்கும் நீல பீப்பாய்கள். ஒன்று 200 லிட்டர், 200 கிலோ. ஓரத்தில் வரிசையாக ஐந்து வைத்தால் ஒரு டன். பீப்பாய்க்குப் பதில் கீழிருந்து குழாய் இழுத்தால் போயிற்று. கலசத்தில் நீர் விழும் அந்த நொடியில் எல்லாரும் ஒரே பக்கம் நகர்வார்கள், கைபேசியை உயர்த்திக்கொண்டு. சமமாக நின்ற பாரம் ஒரு விளிம்புக்கு ஓடும். கைப்பிடிச் சுவர் அந்தத் தள்ளலுக்காகக் கட்டப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

கூட்டத்தின் கனம் என்ன செய்யும் என்பதை வடக்கில் உள்ளவர்கள் நேரில் அறிவார்கள். 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் படகுத்துறை முனையத்தின் மேல்தளம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் திருவிழாவும் சீனர்களின் விழாவும் ஒரே நேரத்தில் வந்து, தளம் தாங்கும் அளவுக்கு மேல் ஜனம் நின்றது.

நிர்வாகத்தினருக்கு நான் சொல்வது: சிவாச்சாரியார்களும் குடம் சுமப்பவர்களும் மட்டும், பெயர்ப் பட்டியலோடு, படிக்கட்டு வாயிலில் ஆள் நிறுத்தி. உபயகாரர் கோபித்துக்கொள்வார். கீழே பெரிய திரை வைத்து அவருக்கு முன்வரிசை நாற்காலி கொடுங்கள். பட்டியலின் உச்ச எண்ணிக்கையை, தளத்தைப் பார்த்த பொறியாளர் எழுதித் தர வேண்டும்.

திருப்பணி நடக்கும் மாதங்களையும் கவனியுங்கள். மணல், செங்கல், சிமெண்ட் மூட்டை எல்லாவற்றையும் ஏற்றி ஒரே மூலையில் குவிப்பார்கள். மணல் ஒரு மீட்டர் உயரம் குவிந்தால் சதுர மீட்டருக்கு 1,600 கிலோ, மழையில் நனைந்தால் இன்னும் கூடும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள்.

பனியே இல்லாமல் மலேசியாவில் பெரிய கூரை விழுந்திருக்கிறதா?

விழுந்திருக்கிறது. கோலா திரங்கானுவில் சுல்தான் மிசான் அரங்கம் 2008இல் திறந்து, 2009 ஜூன் 2 அன்று கூரையின் ஒரு பகுதி விழுந்தது. அதிர்ஷ்டவசமாக உள்ளே போட்டி எதுவும் நடக்கவில்லை.

யாரிடம் காட்டுவது? என்ன கொண்டு போக வேண்டும்?

கட்டமைப்புப் பொறியாளரிடம். பெயருக்கு முன்னால் 'இர்' என்று போட்டுக்கொள்பவர், மலேசியப் பொறியாளர் வாரியத்தில் தொழில்முறைப் பொறியாளராகப் பதிந்தவர். கான்ட்ராக்டரின் அனுபவம் உதவும், ஆனால் அவருடைய வார்த்தை சான்றாகாது. கூரை உயர்த்துவது, தளம் சேர்ப்பது போன்ற மாற்றங்களுக்கு மாநகர் மன்றத்தின் அல்லது நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் வேண்டும்.

போகும்போது வீட்டு வரைபடம் இருந்தால் எடுத்துப் போங்கள். தொலைந்திருந்தால் அங்கீகரித்த மன்றத்திடமே நகல் கேட்டுப் பார்க்கலாம். சீலிங் திறப்பு வழியாக எடுத்த நாலைந்து படங்கள், டேங்கியின் கேலன் அளவு, கூரை எந்தப் பொருள், எந்த வருஷம் மாற்றியது, இவ்வளவு இருந்தால் முதல் சந்திப்பிலேயே பாதி பதில் கிடைத்துவிடும். விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டிருக்கிறதா என்பதுதான் அவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி.